கரைக்காமல் அரைத்தே இரசாயனம்: உரத்திலும் ஊர் நீரிலும் இதன் பயன்

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒன்றாகக் கலந்து மூட்டையில் கட்டி வைத்தால், மறுநாள் அது கசிந்து, பிசுபிசுத்து, கட்டி தட்டிப் போவதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவார்கள். கலந்தபோது இரண்டும் உலர்ந்தே இருந்தன. தண்ணீர் தெளிக்கவில்லை, மழையும் படவில்லை. அப்படியானால் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

காற்றின் ஈரத்தை யூரியா ஓரளவு இழுத்திருக்கும். ஆனால் அது மட்டும் காரணமன்று. சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள கால்சியம் பாஸ்பேட் உப்பு, தன் படிகத்துக்குள் சிறிது நீரைப் பூட்டி வைத்துள்ளது. யூரியா அந்த உப்போடு சேரும்போது, நீர் இருந்த இடத்தை யூரியா பிடித்துக் கொள்கிறது. இடம் இழந்த நீர் வெளியே கசிகிறது. அதாவது, மூட்டைக்குள் ஓர் இரசாயன மாற்றம் நடந்துவிட்டது. எந்தப் பொருளையும் நாம் கரைக்கவில்லை, அடுப்பிலும் ஏற்றவில்லை.

உலர்ந்த பொருள்களைக் கரைக்காமலேயே, அழுத்தியும் உரசியும் அரைத்தும் ஒன்றோடொன்று வினைபுரியச் செய்யும் முறைக்கு விஞ்ஞானிகள் 'மெக்கானோ கெமிஸ்ட்ரி' என்று பெயரிட்டுள்ளனர். இக்கட்டுரையில் இதனை 'அரைவை இரசாயனம்' என்று குறிப்பிடுவோம். மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் வெளிவிடும் கழிவைக் குறைக்க இம்முறை பெரிதும் உதவும் என்று இன்று உலகெங்கும் ஆராயப்படுகிறது. இதில் உழவனுக்கு என்ன இலாபம், எதை நம்பலாம், எதை இன்னும் நம்பக்கூடாது என்பதை இங்கே காண்போம்.

கரைப்பான் ஏன் தேவைப்படுகிறது?

இரு பொருள்கள் வினைபுரிய வேண்டுமாயின் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். கட்டியாக இருக்கும் பொருளில் வெளிப்பரப்பில் உள்ளவை மட்டுமே தொடும்; உள்ளே இருப்பவை அடைபட்டுக் கிடக்கும். எனவே ஆலைகளில் இரண்டையும் ஒரு திரவத்தில் கரைக்கிறார்கள். அத்திரவமே கரைப்பான். டொலுவீன், குளோரோபார்ம், டைகுளோரோமீத்தேன் போன்றவை இவ்வாறு பயன்படும் கரைப்பான்கள்.

வினை முடிந்தபின் கரைப்பானுக்கு அங்கே வேலை இல்லை. அதைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு. ஒரு பகுதி மீண்டும் பயன்படும், ஒரு பகுதி ஆவியாகும், எஞ்சியது கழிவாகும். மருந்து ஆலைகளில் கையாளப்படும் பொருள்களின் எடையில் பாதிக்கு மேல் கரைப்பானே என்று கணக்கிட்டுள்ளனர். ஒரு படி அரிசி வடிக்க ஓர் அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பின் கொட்டுவது போன்றதே இது. கொட்டப்படுவது கஞ்சியன்று, நஞ்சு என்பதுதான் வேறுபாடு.

சென்னைக்கு மேற்கே நிலம் வைத்திருப்போருக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. 1960-களில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பின்னர் வந்த திருமழிசைத் தொழிற்பேட்டையும் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையிலேயே அமைந்துள்ளன. பூந்தமல்லி, திருநின்றவூர், பட்டாபிராம் பக்கங்களில் நெல்லும் கீரையும் மல்லிகையும் இன்றும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

கரைப்பான்களில் குளோரின் கலந்தவை தண்ணீரைவிடக் கனமானவை. நிலத்தில் கொட்டினால் கீழிறங்கி, நிலத்தடி நீருக்கும் அடியில் சென்று தங்கும். அங்கிருந்து அவற்றை வெளியேற்றுவது மிகக் கடினம். ஆகவே ஒரு கரைப்பானை வெளியே வந்தபின் சுத்திகரிப்பதைவிட, அதைப் பயன்படுத்தாமலேயே பொருளைச் செய்ய முடிந்தால் அதுவே சிறந்த வழியாகும்.

நம் வீட்டில் நடக்கும் அரைவை இரசாயனம்

இம்முறை நமக்குப் புதியதன்று. மஞ்சள் தூளோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்தால் அது சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தால் மாறுவதே இதற்குக் காரணம். இதற்கு ஒரு துளி ஈரம் இருந்தால் போதும். குடம் நீர் வேண்டியதில்லை. இன்றைய ஆய்வுக்கூடங்களிலும் ஒரு துளி திரவம் விட்டு அரைப்பது தனி முறையாகவே கையாளப்படுகிறது.

தீக்குச்சி மற்றோர் எடுத்துக்காட்டு. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் உள்ளன. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் அமைதியாக உள்ளன. உரசியதும் தீப்பற்றுகிறது. உரசும் விசையே வினையைத் தொடங்கி வைக்கிறது.

சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கல்வத்தில் இரசத்தையும் கந்தகத்தையும் பல மணி நேரம் அரைத்துக் கரிய பொடியாக்குவார்கள். அரைத்து முடிந்தபின் வெள்ளி போன்ற இரசமும் மஞ்சள் நிறக் கந்தகமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்து இரசக் கந்தகை என்னும் வேறு பொருளாகிவிடுகின்றன. இது வெறும் பொடியாக்கும் வேலையன்று; முழுமையான இரசாயன மாற்றம் ஆகும். இரசம் கொடிய நஞ்சாதலால் இதனை எவரும் வீட்டில் முயலக்கூடாது.

விஞ்ஞானிகள் கண்டவை

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், இரசக் கந்தகையாகிய இலிங்கத்தைச் செம்புக் கல்வத்தில் காடி விட்டு அரைத்தால் இரசம் பிரியும் என்று எழுதி வைத்துள்ளார். 1820-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, வெள்ளிக் குளோரைடைத் துத்தநாகத்தோடு உலர்வாக அரைத்து வெள்ளியைப் பிரித்தார்.

அரைக்கும்போது சூடு உண்டாவதால்தான் இவை நடக்கின்றன என்று எவரும் எண்ணக்கூடும். 1890-களில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி லீ இதற்கு விடை கண்டார். வெள்ளிக் குளோரைடைச் சூடேற்றினால் அது சிதையாமல் உருகுகிறது; ஆனால் கல்வத்தில் அழுத்தி அரைத்தால் சிதைகிறது. ஆகவே சூடு செய்யாத வேலையை அரைப்பு செய்கிறது என்று தெளிந்தது.

கரிமப் பொருள்களைச் செய்வதில் இம்முறை பின்னரே வேகம் பெற்றது. 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானி டோடா, சில வினைகள் கரைசலில் நடப்பதைவிடத் திண்மப் பொடிகளுக்கிடையில் விரைவாக நடப்பதைக் காட்டினார். 2017-இல் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தார், கரைப்பான் இல்லாமல் தொடர்ச்சியாகக் கரிமப் பொருள்களைச் செய்யும் எந்திர முறையை வெளியிட்டனர். 2021-இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் மேலும் ஒரு படி சென்றனர். 'கிரின்யார்டு வினைப்பொருள்' என்ற மெக்னீசியச் சேர்மத்தைச் செய்ய, ஈரமும் காற்றும் படாத கலமும், நன்கு உலர்த்திய ஈதரும் தேவை என்று நூறாண்டுக்கும் மேலாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. அவர்கள் அதனைச் சாதாரணக் காற்றிலேயே, மிகச் சிறிதளவு திரவம் மட்டும் விட்டு, அரைத்தே செய்தனர்.

இந்தியாவிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்று வருகிறது. புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார், நுண்துளைகள் நிறைந்த கரிமப் பொருள்களைக் கல்வத்தில் அரைத்தே செய்து 2013-இல் வெளியிட்டனர். உலக வேதியியல் கூட்டமைப்பு 2019-இல் எதிர்காலத்துக்குரிய பத்துத் தொழில்நுட்பங்களைத் தேர்ந்தபோது, கரைப்பானின்றித் திருகு எந்திரத்தில் வினை நடத்தும் முறையையும் அதில் சேர்த்தது.

எந்திரங்கள்

இதற்கு இருவகை எந்திரங்கள் பயன்படுகின்றன. முதலாவது குண்டு ஆலை. மூடிய உருளைக்குள் எஃகு அல்லது பீங்கான் குண்டுகளுடன் பொருளைப் போட்டுச் சுழற்றுவார்கள், அல்லது குலுக்குவார்கள். குண்டுகள் மோதும்போது பொடி நசுங்கி, படிகங்கள் உடைந்து, ஒவ்வொரு மோதலிலும் புதிய பரப்பு வெளிப்படுகிறது. உள்ளே அடைபட்டிருந்த மூலக்கூறுகள் இப்போது வெளியே வந்து மற்ற பொருளைத் தொடுகின்றன. கரைப்பான் செய்ய வேண்டிய வேலையைக் குண்டு செய்துவிடுகிறது.

இரண்டாவது இரட்டைத் திருகு எந்திரம். நிலக்கடலை ஆட்டும் எக்ஸ்பெல்லரை நினைவில் கொண்டால் இதை எளிதில் புரிந்து கொள்ளலாம். ஒரு வாயில் பொடியைக் கொட்டினால், இணையாகச் சுழலும் இரு திருகுகள் அதைப் பிசைந்து, நெரித்து, மறுவாயில் புதிய பொருளாகத் தள்ளுகின்றன. நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓட்டலாம் என்பது இதன் சிறப்பு.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிகளில் 'ஈ.சி.' என்றும் 'எஸ்.சி.' என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈ.சி. என்பது மருந்தை எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்தது. எஸ்.சி. என்பது மருந்தை மிக நுண்ணியதாக அரைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டது. எஸ்.சி. வகையிலும் அரைப்பு கரைப்பானைத் தவிர்க்கிறது. ஆனால் அங்கே துகளின் அளவு மட்டுமே மாறுகிறது. மருந்து அதே மருந்துதான். அரைவை இரசாயனத்திலோ பொருளே மாறுகிறது.

யூரியாவும் ஜிப்சமும் சேர்ந்தால்

உழவனுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஆராய்ச்சி உரத்தில்தான் நடந்து வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. நெல்வயலில் இடும் தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதமே பொதுவாகப் பயிருக்குக் கிடைக்கிறது. அதாவது ஒரு மூட்டைக்கு 6 முதல் 8 கிலோ மட்டுமே. மீதியில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கீழே வடிந்து கிணற்று நீரை அடைகிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது.

அம்மோனியா இழப்பு நிகழ்வது இவ்வாறு: மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. அப்போது அவ்விடத்தில் காரத்தன்மை உயர்கிறது. காரம் உயர்ந்தால் அம்மோனியா வாயுவாகப் பறக்கிறது. நண்பகல் வெயிலில், பாசி படர்ந்த வயல் நீரில் இவ்விழப்பு மிகுதி.

ஜிப்சம் இதற்கு ஓரளவு தடை போடும். அதிலுள்ள கால்சியம், கார்பனேட்டைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைக்கிறது. அம்மோனியம் சல்பேட்டாகத் தங்குகிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைப்பதன் அடிப்படை இதுவே.

ஆனால் கலவை வேறு, சேர்மம் வேறு. கலவையில் யூரியாத் துகள் தனியே, ஜிப்சத் துகள் தனியே கிடக்கும். மழை வந்தால் யூரியா முதலில் கரைந்து ஓடிவிடும். இரண்டையும் குண்டு ஆலையில் நன்கு அரைத்தால், ஜிப்சம் தன் படிக நீரை விட்டு, ஒவ்வொரு கால்சியத்துக்கும் நான்கு யூரியா மூலக்கூறு என்ற கணக்கில் ஒரே படிகமாகிறது. முதலில் சொன்ன மூட்டைக் கசிவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. மூட்டையில் தானாக, அரைகுறையாக நடந்ததை ஆலையில் முறையாக, முழுமையாக நடத்துகிறார்கள். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தார், யூரியாவைக் கால்சிய, மெக்னீசியக் கனிமங்களோடு அரைத்து இத்தகைய படிகங்களைச் செய்து 2018-இல் வெளியிட்டனர். குரோஷியா நாட்டு விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்து உழைத்து வருகின்றனர்.

இதன் எடைக் கணக்கு எளியது. 100 கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 72 கிலோ ஜிப்சம் தேவை. அரைத்தபின் 157 கிலோ சேர்மமும் 15 கிலோ நீரும் கிடைக்கும். அச்சேர்மத்தில் சுமார் 30 சதவீதம் தழைச்சத்தும், 10 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கால்சியமும், 8 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கந்தகமும் இருக்கும். நிலக்கடலை போன்ற எண்ணெய்வித்துப் பயிருக்குக் கால்சியமும் கந்தகமும் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இச்சேர்மத்தின் நன்மைகள் இரண்டு. காற்றின் ஈரத்தை யூரியா அளவுக்கு இழுப்பதில்லை. ஆகவே மழைக்காலத்தில் கட்டி தட்டுவது குறைவு. அம்மோனியா இழப்பும் யூரியாவைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் செய்யக் கரைப்பானும் வேண்டாம். கழிவாக வெளியேறுவது வெறும் நீர். பாஸ்பாரிக் அமிலம் செய்யும் ஆலைகளில் ஜிப்சம் துணைப்பொருளாக மலைபோல் குவிகிறது. அதன் தூய்மையைச் சோதித்துப் பயன்படுத்த முடிந்தால், ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலைக்கு மூலப்பொருளாகும்.

இன்னும் தீராதவை

இம்முறையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதக்கூடாது. குண்டு ஆலை ஓட்ட மின்சாரம் வேண்டும். அரைக்கும்போது எழும் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிடில் பொடி உருகி ஆலைச் சுவரில் ஒட்டும். குண்டுகள் தேய்ந்து இரும்புத் துகள் பொருளில் கலக்கலாம். மருந்துப் பொருளாயின் இறுதியில் தூய்மைப்படுத்தக் கரைப்பான் தேவைப்படலாம். எல்லா வினைகளும் அரைப்பில் நடப்பதில்லை. கிராம் அளவில் வெற்றி பெற்றது டன் அளவில் அப்படியே வெற்றி பெறும் என்று உறுதி கூற இயலாது. உரத்தைப் பொறுத்தவரை, நம் மண்ணில், நம் பருவத்தில் வயல் ஆய்வு நடத்திய பின்னரே பரிந்துரை செய்ய முடியும்.

இப்போது செய்ய வேண்டியவை

புதிய உரம் கைக்கு வரும்வரை, கீழ்க்காணும் முறைகளைக் கடைப்பிடித்து யூரியா இழப்பைக் குறைக்கலாம்.

1. நெல்லுக்குத் தழைச்சத்தை ஒரே முறையில் இடாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு தவணையாகப் பிரித்து இடவும்.

2. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தவும். பொதுவாக நிறம் 4-க்குக் குறைந்தால் மட்டும் மேலுரம் இடவும். வெள்ளைப் பொன்னிக்கு 3 என்ற அளவு போதும்.

3. வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிச் சலித்து, யூரியா, ஜிப்சம் ஆகியவற்றோடு மேற்கூறிய விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து இடவும். 2015 முதல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது என்றாலும், ஜிப்சத்தின் பயன் தனியானது.

4. அன்றன்று தேவைப்படும் அளவுக்கு மட்டுமே கலக்கவும். கலந்ததைப் பல நாள் மூட்டையில் வைத்தால் கசிந்து வீணாகும். யூரியாவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலக்க நேர்ந்தால் உடனே இட்டுவிடவும்.

5. வயலில் நீரைக் குறைத்து, மாலை நேரத்தில் உரமிட்டு, களைக்கருவி ஓட்டி மண்ணோடு கலக்கவும். நிறைந்த நீரில், உச்சி வெயிலில் யூரியா வீசுவதைத் தவிர்க்கவும்.

6. தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள கிணற்று நீரில் பெயின்ட், தின்னர் போன்ற மணமோ, எண்ணெய்ப் படலமோ தென்பட்டால் கவனிக்கவும். வழக்கமான பாசன நீர்ச் சோதனையில் உப்பின் அளவும் கார அமில நிலையும் மட்டுமே தெரியும், கரைப்பான் தெரியாது. சோதனைத் தாளில் 'பாசனத்துக்கு ஏற்றது' என்று வந்துவிட்டதால் அமைதி கொள்ள வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கரைப்பான்களுக்கான தனிச்சோதனை கேட்கவும். அந்நீரைக் கீரைக்குப் பாய்ச்சுவதையும், மாட்டுக்கு வைப்பதையும் அதுவரை நிறுத்தி வைப்பது நலம்.

எச்சரிக்கை

உரங்களை வீட்டு மிக்சியிலோ மாவு அரைக்கும் எந்திரத்திலோ அரைக்க முயல வேண்டாம். அவற்றில் பின்னர் உணவுப் பொருள் அரைத்தால் நஞ்சாகும். மேலும், சொட்டு நீரில் விடும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற நைட்ரேட் உரங்களைக் கந்தகத்தோடோ, கரித்தூளோடோ, புண்ணாக்கோடோ சேர்த்து எந்நிலையிலும் அரைக்கக்கூடாது, உரசலிலேயே தீப்பற்றக்கூடும். தீக்குச்சியை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். பூச்சிமருந்துத் தூளை அரைப்பதும் மூச்சு வழியே நஞ்சை ஏற்பதற்குச் சமம்.

'புதிய விஞ்ஞான முறையில் அரைத்த உரம்' என்று விளம்பரம் செய்து எவரேனும் பொட்டலம் விற்றால், 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதி பெற்றதா என்று கேட்கவும். மூட்டையில் சத்துகளின் சதவீதமும் தயாரிப்பாளர் பெயரும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இரசீது இல்லாமல் வாங்க வேண்டாம். ஐயம் இருப்பின் வேளாண்மை அலுவலரையோ, திருவள்ளூர் மாவட்டத்தார் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

முடிவுரை

அம்மியும் கல்வமும் நம் முன்னோர் கையாண்ட கருவிகள். அவற்றின் தத்துவத்தைக் கொண்டே, நஞ்சான திரவங்களை ஒதுக்கிவிட்டுப் பொருள்களைச் செய்ய விஞ்ஞானம் இன்று முயல்கிறது. அம்முயற்சி வெற்றி பெறுமளவுக்கு ஆலைக்குக் கீழ்மடையில் உள்ள கிணறுகள் பிழைக்கும். யூரியாவுக்குச் செலவிடும் பணமும் காற்றோடு போகாமல் கதிரில் ஏறும். அதுவரை, இடும் உரத்தை அளவறிந்து, பருவமறிந்து இட்டு, கிணற்று நீரைக் கண்காணித்து வருவது உழவர் பெருமக்களின் கையிலேயே உள்ளது.